இரத்தம் கேட்கிற றேணுகா

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது றேணுகாவின் பெண்கள் சலூன். அங்கே தலைக்குச் சாயம் பூசப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டுதான் போகிறார்கள். சாயம் பிடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழும்ப முடியாது. அதற்குள் றேணுகா இரத்ததானம் பற்றிக் கதைத்து முடித்துவிடுவாள்.

அவள் கதைக்கிற விதமே தனி. வயதைக் கேட்டால் பெண்களுக்குக் கோபம் வரும் என்று அவளுக்குத் தெரியாதா? "பதினெட்டுக்கும் அறுபதுக்கும் இடையிலயா அக்கா? அது போதும், மிச்சம் எனக்கு வேணாம்" என்பாள். எடையைக் கேட்கும்போது சிரிப்பாள். ஐம்பது கிலோவுக்குக் குறைந்தவர்களிடம் இரத்தம் எடுக்கமாட்டார்கள். உடம்பு வைத்துவிட்டதென்று எந்நாளும் கண்ணாடியைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள், அதைக் கேட்டதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். காது குத்த வருகிற இளம் பெண்களை மட்டும் அவள் உடனே குத்துவதில்லை. குத்திவிட்டால் மாதக்கணக்கில் இரத்தம் கொடுக்க விடமாட்டார்கள், முதலில் கொடுத்துவிட்டு வா, பிறகு குத்துகிறேன் என்பாள். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு சலூனுக்குப் போய்விடுவதும் உண்டு. போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

இவளுக்கு ஏன் இந்த வேலை என்று வெள்ளவத்தையில் கேட்பார்கள். கொட்டாஞ்சேனையில் கேட்கமாட்டார்கள். அவள் பிறந்தது அங்கேதான், இன்றும் குடியிருப்பது அங்கேதான். நடந்தது அந்தத் தெருவுக்கே தெரியும்.

மகள் நிலூஷா பிறந்தபோது றேணுகாவுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. கணவன் பிறெடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஒரு வீடளவு பெட்டிகளைத் தூக்கி அசையாமல் வைக்கிற அந்த மனிதன், ஆஸ்பத்திரி நடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரத்தத்துக்கு எங்கே ஓடவேண்டும், யாரைப் பிடிக்கவேண்டும் என்று தாதியிடம் கேட்டான். எங்கேயும் ஓடவேண்டாம், இரத்த வங்கியில் இருக்கிறது, ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்றாள் அவள். பை பையாக ஏற்றினார்கள். மறுநாள் கண்விழித்த றேணுகா, யாருடைய இரத்தம் என்று கேட்டாள். அதைச் சொல்ல முடியாது என்றார்கள். யாரோ சிலர் எங்கேயோ வந்து படுத்து, கையை நீட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அது யாருக்குப் போகும் என்று அவர்களுக்கும் தெரியாது.

நன்றி சொல்ல ஒரு முகம்கூட இல்லை என்பது அவள் மனதை அரித்துக்கொண்டிருந்தது. தானும் கொடுப்பது என்று முடிவெடுத்தாள். அது அவள் நினைத்த அளவு லேசாக இருக்கவில்லை. இரத்தம் ஏற்றிக்கொண்டவர் ஒரு வருடமாவது பொறுக்கவேண்டும், பாலூட்டும் தாய்மாரிடம் எடுப்பதில்லை என்றார்கள். பொறுத்தாள். மகள் பாலை மறந்த பிறகு இரத்ததான முகாம் ஒன்றுக்குப் போனாள். தராசு முள் ஐம்பதைத் தொடவில்லை. பிள்ளையின் பின்னால் ஓடி ஓடி அவ்வளவு இளைத்திருந்தாள். திரும்பி வந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு மறுபடி போனாள். இந்தத் தடவை தராசு சரி. ஆனால் விரல் நுனியில் குத்தி எடுத்த துளியை நீலநிறத் திரவத்தில் விட்டபோது, அது அடிக்குப் போகாமல் மிதந்தது. இரத்தத்தில் இரும்புச்சத்துப் போதாது நங்கி, பிறகு வாருங்கள் என்று தாதி, தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல, சிங்களத்தில் அன்பாகச் சொல்லி அனுப்பினாள்.

அன்று வீட்டுக்கு வந்து அழுதாள். பிறகு டொக்டரிடம் போய்க் குளிசை எழுதி வாங்கினாள். முருங்கையிலை, கங்குன் கீரை, ஈரல் என்று அடுப்பில் மாறி மாறி ஏறின. பிறெடிக்கும் அதுதான் சாப்பாடு. அவன் முணுமுணுக்காமல் சாப்பிட்டான். மூன்றாவது தடவை துளி கல்லைப் போட்டதுபோல அடிக்கு இறங்கியது. கட்டிலில் படுத்திருந்து, தன் கையிலிருந்து பை நிறைவதைப் பார்த்தபோது றேணுகாவுக்கு வந்தது பயமல்ல, ஒருவித கர்வம். அன்றிலிருந்து நான்கு மாதம் கடந்ததும் போய்விடுவாள். தான் போவதோடு நிற்காமல் மற்றவர்களையும் கூப்பிடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

சலூனுக்கு மாதம் தவறாமல் வருகிறவர்களில் ஒருவர் பத்மாவதி. கணவர் பொன்னம்பலம் வங்கியொன்றில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இரத்தப் புற்றுநோய் வந்து, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்து காலமானார். அதற்குப் பிறகு நெடுநாள் பத்மாவதி அந்தப் படி ஏறவில்லை. ஏறி வந்த அன்று முடி முழுக்க நரைத்திருந்தது. சாயம் வேண்டாம், சும்மா வெட்டிவிடு என்றார். றேணுகா ஒன்றும் கேட்காமல் வெட்டினாள். அன்றைக்குக் கதையைத் தொடக்கியவர் பத்மாவதிதான்.

"றேணுகா, அவருக்கு எத்தினை தரம் ரத்தம் ஏத்தினவையள் எண்டு எனக்குக் கணக்கில்லை. ஏத்தின அண்டைக்கு எழும்பியிருந்து பேப்பர் வாசிப்பார். பேரனோட போனில கதைப்பார். அந்த நாளெல்லாம் எனக்கு ஆர் தந்தது, பிள்ளை?"

றேணுகா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். ஆண்டுத் திவசம் வருகிறதே, அவர் பெயரில் ஒரு இரத்ததான முகாம் வைப்போமா என்று கேட்டாள். பத்மாவதி கண்ணாடிக்குள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓம் என்று தலையாட்டினார்.

ஆனால் வீட்டில் சம்மதிக்காத ஒருவர் இருந்தார். பொன்னம்பலத்தின் தம்பி சின்னராசா, ஐம்பதைத் தாண்டியவர், புறக்கோட்டையில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம். அண்ணன் போன பிறகு அந்தக் குடும்பத்தில் நல்லது கெட்டதைத் தீர்மானிக்கிறவர் அவர்தான். விஷயம் கேள்விப்பட்டதும் வந்துவிட்டார். அவர் வருகிறார் என்று தெரிந்து றேணுகாவும் சலூனை உதவியாளரிடம் விட்டுவிட்டுப் பத்மாவதியின் வீட்டுக்குப் போயிருந்தாள்.

"உங்களுக்கு விசரே அண்ணி? அண்ணன்ரை பேரில வாற சனத்துக்குச் சோறு போட்டு அனுப்புறதோ, ஊசி குத்தி அனுப்புறதோ? ஒரு சிறுவர் இல்லத்துக்குச் சாப்பாடு குடுப்பம். முழுக்க நான் பொறுப்பு."

றேணுகாதான் பதில் சொன்னாள்.

"சாப்பாடும் குடுங்க அங்கிள், நல்லது. ஆனா சாப்பாட்ட கடைல வாங்கலாம். ரத்தத்த எந்த ஃபெக்டரில செய்றாங்க? ஆள் வந்து படுத்தாத்தான் இருக்கு. உங்கட அண்ணா கடைசி வருஷம் முழுக்க, அப்பிடி வந்து படுத்த ஆக்களாலதான் எங்களோட இருந்தார்."

சின்னராசா சட்டென்று இளகிவிடவில்லை. இரத்தம் கொடுத்தால் உடம்பு தளரும், பாரம் தூக்க ஏலாது என்றார். எடுப்பது அரை லீற்றருக்கும் குறைவு, நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும், மீதியை உடம்பு சில கிழமைகளில் உண்டாக்கிவிடும், அதற்காகத்தான் நான்கு மாத இடைவெளி என்று றேணுகா விளக்கினாள். துறைமுகத்தில் வேலை செய்கிற தன் கணவனும் கொடுக்கிறான் என்றாள். கடைசியில் அவர், செய்வதைச் செய்யுங்கள், நான் வரமாட்டேன் என்று எழும்பிப் போனார்.

றேணுகா அடுத்த நாளே நாரஹேன்பிட்ட இரத்த வங்கியுடன் கதைத்து நாள் எடுத்தாள். திவசம் முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துக் கோயில் மண்டபம். ஒழுங்கையில் உள்ள அடுக்குமாடிகளுக்கு ஏறி இறங்கினாள். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், அடையாள அட்டையை மறக்காதீர்கள் என்று ஒவ்வொரு கதவிலும் சொன்னாள். மருந்துக்கடைக்குப் பக்கத்தில் புத்தகக்கடை வைத்திருக்கும் நபீஸ், தன் கடைப் பொடியன்களையும் கூட்டிவருவதாகச் சொன்னார். பிறெடி துறைமுகக் கூட்டாளிகளை ஒரு வான் நிறைய ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தான்.

முகாம் களைகட்டியது. கட்டில்கள் காலியாக இருக்கவில்லை. கொடுத்தவர்களைத் தாதிமார் பார்த்துக்கொண்டார்கள். றேணுகாவின் கண் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மேல்தான் இருந்தது. முந்தின நாள் காய்ச்சல் கண்ட ஒருவன், புதிதாகப் பச்சை குத்தியிருந்த இன்னொருவன், எடை போதாத ஒரு ஆசிரியை. ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து தேத்தண்ணி கொடுத்து, எப்போது மறுபடி வரலாம் என்று சொல்லி அனுப்பினாள்.

பத்மாவதிக்கு அறுபது கடந்துவிட்டது, கொடுக்க முடியாது. அவர் கட்டில் கட்டிலாகப் போனார். படுத்திருந்தவர்களிடம் பெயரைக் கேட்டார், எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டார். ஒரு கிரேன்காரனின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இத்தனை மாதமும் முகம் தெரியாமல் இருந்தவர்கள் இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

வாசலில் அதைப் பார்த்துக்கொண்டு ஒருவர் நின்றார். சின்னராசா. எப்போது வந்தார் என்று எவருக்கும் தெரியவில்லை. றேணுகா கூப்பிடவில்லை. சற்று நேரத்தில் அவரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு டொக்டரின் மேசைக்குப் போனார். போனவர் சிவந்த முகத்தோடு திரும்பி வந்தார். இரண்டு நாளைக்கு முன்னர் பல் பிடுங்கியிருக்கிறார், இன்னும் அன்ரிபயோட்டிக் குடிக்கிறார். அது முடிந்து நன்றாகச் சுகமான பிறகு வரும்படி டொக்டர் சொல்லிவிட்டார்.

"என்ரை ரத்தம் பழுதாமோ?" என்றார் றேணுகாவிடம்.

"என்னை ரெண்டு தரம் திருப்பி அனுப்பினவங்க அங்கிள். ரெண்டாம் தரம் வீட்ட போய் அழுதன்" என்றாள் அவள். "இந்த ரத்தம் உங்கட அண்ணா மாதிரி, உடம்பில சக்தியே இல்லாத ஒராளுக்குப் போறது. அதுக்குத்தான் இவ்வளவு கேள்வி கேக்கிறாங்க."

சின்னராசா தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார். வீட்டுக்குப் போவார் என்று நினைத்தாள். அவரோ வாசலில் போய் நின்று வரிசையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். சாப்பிடாமல் வந்த இரண்டு பேரைச் சாப்பிட்டுவிட்டு வரும்படி எதிரிலிருந்த கடைக்கு அனுப்பினார்.

சில கிழமைகள் கழித்துப் பத்மாவதி சலூனுக்கு வந்து ஒரு செய்தி சொன்னார். சின்னராசா எவருக்கும் சொல்லாமல் நாரஹேன்பிட்டவுக்குத் தனியாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பிளாஸ்ரரைப் பார்த்து மனைவி கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்ததாம். அதைச் சொல்லும்போது பத்மாவதி சிரித்தார். கணவர் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து றேணுகா பார்த்ததில்லை.

அடுத்த முகாம் புறக்கோட்டையில் நடந்தது. அதற்கு நாள் குறித்து, இடம் பிடித்து, மூட்டை சுமக்கும் நாட்டாமைகளிலிருந்து கடைக் கணக்கப்பிள்ளைகள்வரை வரச்சொன்னவர் சின்னராசா. பாரம் தூக்குகிறவர்கள் அன்று பின்னேரம் வேலை செய்யக்கூடாது என்று முதலாளிமாரோடு வாதாடி ஓய்வும் வாங்கிக் கொடுத்திருந்தார். றேணுகா போனபோது அவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறி, வயது, எடை, நான்கு மாத இடைவெளி, குடிக்கிற மருந்து என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். தான் ஏதாவது விட்டுவிட்டேனா என்று அவளிடம் கேட்டார். அடையாள அட்டையை விட்டுவிட்டீர்கள் என்றாள். அவர் அதையும் உரக்கச் சொன்னார்.

றேணுகாவுக்கும் அன்று கொடுக்கும் முறை வந்திருந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.