வெந்நீருக்குப் பயந்த நரம்பு

எனக்கு வந்த நோய்க்கு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெயரே கிடையாது. நரம்பைச் சுற்றியிருக்கும் உறை அரித்துப்போகிறது என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒருநாள் கொழுந்து பறிக்கும்போது இடது கால் மரத்தது. அந்த வாரமே ஒரு கண் மங்கியது. மருந்தில் இரண்டும் ஓரளவு திரும்பின. மறுபடி போய்விடுமோ என்ற பயம்தான் என்னை விட்டுப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் மிஸ், "தினமும் மூச்சு வாங்குற மாதிரி நடங்க. அப்ப தசையிலருந்து சில பொருளு இரத்தத்துல கலக்கும். அது நரம்புக்கு நல்லதுன்னு சொல்றாங்க," என்றார். இருபது வருஷம் மலை ஏறி இறங்கியவளுக்கு நடக்கச் சொல்லித்தருகிறார்களே என்று சிரிப்பு வந்தது. ஆனாலும் கம்பளிச் சட்டை, தலைத்துண்டோடு நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டிலிருந்து கோயில் மேடு வரை நடந்தேன்.

வேர்த்த உடம்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் சன்னி வரும் என்பது எங்கள் லயத்துச் சட்டம். அதனால் நான் திரும்புவதற்குள் என் வீட்டுக்காரர் அடுப்பில் வெந்நீர் போட்டு வைப்பார். மூன்றாம் நாள் அவர் இரண்டு வாளி ஊற்றியதும் சுவர் மங்கியது. பிறகு வாளி மங்கியது, பிறகு அவர் முகம். கால் ஈரத்துணி மாதிரித் துவண்டது. எல்லாம் போச்சு என்று மட்டும் நினைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் பார்வை திரும்பியது. மறுநாள் முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனோம். மிஸ் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"நோய் திரும்பலங்க. உடம்பு சூடேறுனா உறை போன நரம்புல சேதி ஒழுங்காப் போகாது. சூடு இறங்குனா சரியாயிரும். கம்பளியைக் கழட்டுங்க, பச்சைத் தண்ணியை ஊத்துங்க. நடக்கிறத மட்டும் விட்டுறாதீங்க."

மூளைக்குப் புரிந்தது. பயத்துக்குப் புரியவில்லை.

நேற்றுக் காலை அவரும் கூட வந்தார். பாதி மேட்டில் தேயிலைச் செடிகள் ஒவ்வொன்றாகப் புகைமூட்டத்துக்குள் போயின. கல்லில் உட்கார்ந்தேன். அவர் பக்கத்து ஊற்றுப் பீலியில் கொட்டும் தண்ணீரில் துண்டை நனைத்து என் கழுத்தில் வைத்தார். சன்னி வந்துவிடும் என்று அவர் இன்னும் நம்புகிறார். கை அப்படி நடுங்கியது.

"கண்ணு தெரியுதா?"

"தெரியுதுங்க," என்றேன்.

அந்த நடுக்கத்துக்காகத்தான் அப்படிச் சொன்னேன். அவர் முகம் இருந்த இடத்தில் இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது.