தகரம் பறந்த நாள்

அமெரிக்காவில் இந்த வருடம் டொர்னடோ சூறாவளி ஓயவில்லை. அங்கே சாயங்காலம் என்றால் திருப்பதியில் எனக்கு விடியற்காலை. லாட்ஜ் வேலைக்குக் கிளம்பும் முன், புயலைத் துரத்திப் படமெடுப்பவர்களின் நேரலையைப் போனில் பார்ப்பேன். இன்று ஒரு வீட்டின் கூரை பிய்ந்து பறந்தது. தகரம் கிழிகிற அந்தச் சத்தம் என்னை நான் வளர்ந்த ஊரான வரதய்யபாளையத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது எனக்குப் பத்து வயது. புயலுக்காகப் பள்ளிக்கூடம் லீவு. ஈர விறகின் புகை வீடு முழுக்கச் சுற்றியது. நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா, கதவுக்கு முட்டாக நெல் மூட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஜன்னல்கிட்ட போவாத, நைனா திட்டுவாரு" என்றாள் அம்மா.

போனேன். எதிர்வீட்டுக் கன்னியம்மா அக்காவின் கூரைத் தகரம் படபடவென்று அடித்து, ஆணியோடு பிடுங்கிக்கொண்டு, காகிதம்போல மேலே போனது. நான் கைதட்டிக் குதித்தேன். கீழே அக்கா கைக்குழந்தையை முந்தானைக்குள் பொத்தியபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பா ஓடிப்போய் அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தார். குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டே அக்கா கேட்டாள்: "கை தட்டிக்கினு இருந்தியே, பாக்கறதுக்கு நல்லா இருந்துச்சா பாப்பா?"

குரலில் கோபமே இல்லை. கூரை போடும்வரை அவள் எங்களோடுதான் இருந்தாள். ஒருநாளும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

இன்று பறந்த கூரைக்குக் கீழே யாராவது இருந்தார்களா என்று எனக்கு இப்போதுதான் கேட்கத் தோன்றியது. அதற்குள் கூரை பறக்கும் காட்சியை மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்திருந்தேன்.