மரக்கிளை மறைத்த பலகை

ஈப்போ நீதிமன்றத்தில் எனக்கு முன்னால் நின்ற எல்லோர் மீதும் எனக்கு இளக்காரம்தான். பெயரைக் கூப்பிட்டதும் "சாலா, துவான்" என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதத்தைக் குறைக்கக் கெஞ்சினார்கள். ஆட்டு மந்தை! நான் எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன். சிலிபின் வட்டாரத்தில் காரை நிறுத்தியதற்காக எனக்குச் சம்மன்; அங்கே 'நிறுத்தக் கூடாது' பலகையை மரக்கிளை மறைத்திருந்தது. படம் எடுத்து வைத்திருந்தேன்.

பக்கத்திலிருந்த லாரிக்கார அண்ணன் தன் சம்மனை நீட்டினார். "தம்பி, இதுல என்னா போட்டிருக்கு?"

"சிவப்பு விளக்குல போயிருக்கீங்க. பேசாம கட்டிட்டுப் போங்கண்ணே. உங்களால வாதாட முடியாது."

"அன்னிக்கு லாரி வொர்க்‌ஷாப்புல கெடந்துச்சுலா."

நான் சிரித்துவிட்டு என் படங்களைப் பெருமையாகக் காட்டினேன்.

என் முறை வந்தது. மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சாலா, துவான்" என்றேன்.

அடுத்து அந்த அண்ணன். "தாக் சாலா, துவான். நான் செய்யல" என்றார். விசாரணைக்குத் தேதி கொடுத்தார்கள்.

வெளியே வந்தவர் கேட்டார்: "படத்தக் காட்டுனீங்களா தம்பி?"

நான் அபராதம் கட்டும் வரிசையில், அந்த மந்தையின் கடைசியில் போய் நின்றேன்.

பலகை இன்னும் கிளைக்குப் பின்னால்தான் இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு என் மீதுதான் இளக்காரம்.