டன்னக்கா யானை பார்க்கக் கிளம்பிய கதை

எடைமேடையில் லாரிக்காரர்கள் செய்யும் தில்லுமுல்லுகளில் டன்னக்காவுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பின்சக்கரத்தை மேடை விளிம்புக்கு வெளியே அரைச் சாண் தள்ளி நிறுத்துவார்கள். வெறும் வண்டியை நிறுக்கும்போது கேபினுக்குள் இரண்டு பேரைக் குனிய வைத்துவிட்டு, சரக்கோடு வரும்போது இறக்கி நடக்க விடுவார்கள்; சரக்கின் எடை குறைந்து தெரியும். அக்கா ஜன்னல் கண்ணாடியை நகர்த்தி ஒரே ஒரு பார்வை பார்ப்பார்.

"என்னண்ணே, பின்சக்கரம் எங்கயோ வெளியூர் போயிருக்கு போல. அதையும் கூப்பிடுங்க, சேத்து நிறுத்துடலாம்."

எட்டடிக்கு ஆறடி அறை. ஒரு மின்விசிறி, ஒரு கணினித் திரை, கரகரவென்று சீட்டு அச்சடிக்கும் ஒரு பழைய இயந்திரம். இருபத்தேழு வருஷமாக அக்காவுக்கு அதுதான் ராஜ்ஜியம். இத்தனை வருஷத்தில் பொய்ச் சீட்டு ஒன்றுகூட அந்த அறையை விட்டு வெளியே போனதில்லை. முதலாளியின் மச்சானே வந்து கெஞ்சியும் போனதில்லை. அதைவிடப் பெரிய ஆச்சரியம் அக்காவின் கண். வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே எத்தனை டன் என்று சொல்லிவிடுவார். தராசு அதை ஆமோதிக்கும், அவ்வளவுதான்.

அக்காவின் எடை நூற்றாறு கிலோ. 'டன்னக்கா' என்பது முதலில் முதுகுக்குப் பின்னால் வைத்த பேர். காதில் விழுந்த அன்றே அதை டீ கப்பில் சிவப்புப் பெயிண்டால் எழுதி ஜன்னலோரம் வைத்துக்கொண்டார். அதோடு கேலி படுத்துவிட்டது, பேர் மட்டும் நின்றுவிட்டது.

அந்த அறையின் சுவரில் ஒரே ஒரு படம். ஆப்பிரிக்கப் புல்வெளியில் தனியாக நடந்து போகும் ஓர் ஆண் யானை. யாராவது கேட்டால் அக்கா சொல்வார்: "ஆறு டன்னு. கையில சீட்டும் கிடையாது, நிறுத்திக் கேக்க ஆளும் கிடையாது. அது பாட்டுக்கு நடக்குது பாரு. சாகறதுக்குள்ள அதை நேர்ல பாத்துடணும்."

ஐம்பத்தாறு வயதில் அதற்கு வழி பிறந்தது. தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும், அவர்கள் மாடியில் குடியிருக்கும் பல் டாக்டரும் அவர் மனைவியும் ஆப்பிரிக்கா போகத் திட்டம் போட்டார்கள். மூன்று நாள் காடு, நான்கு நாள் கடற்கரை. அக்கா ஐந்தாவது ஆளாகச் சேர்ந்தார். மஞ்சள் காய்ச்சல் ஊசியை எல்லோருக்கும் முன்னால் போய்ப் போட்டுக்கொண்டார். கறுப்பும் கருநீலமும் போட்டால் கடிக்கிற ஈ தேடி வருமாம் என்று படித்துவிட்டு, மண் நிறத்தில் நாலு சட்டை தைத்துக்கொண்டார். அகல விளிம்பு வைத்த தொப்பி ஒன்று வாங்கி, அதை வேலை நேரத்திலும் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

சிக்கல் ஒரு படிவத்தில் வந்தது. கடற்கரையிலிருந்து காட்டுக்குப் போவது குட்டி விமானம். ஆளும் பையும் சேர்த்து நானூற்றைம்பது கிலோதான் ஏற்றுவார்கள். அதனால் ஒவ்வொருவரும் உடல் எடையை எழுதித் தர வேண்டும். பை ஆளுக்குப் பதினைந்து கிலோ. அக்கா மூட்டை நிறுக்கும் சின்னத் தராசில் ஏறி நின்று பார்த்து, நூற்றாறு என்று எழுதி அனுப்பினார்.

மறுநாள் சாயங்காலமே தங்கச்சி வீட்டுக்குக் கூப்பிட்டு விட்டார்கள். ஹாலில் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தங்கச்சி வீட்டுக்காரர் கையில் அச்சடித்த பட்டியல்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாம் கூட்டிப் பாத்தா நானூத்தி அம்பத்திரெண்டு வருது. ரெண்டு கிலோ அதிகம்."

"அதுக்கு?"

"ஒண்ணுமில்ல, நூத்தி ஆறை நூறுன்னு மாத்திட்டா முடிஞ்சு போச்சு."

"நூத்தி ஆறு எப்படி மாப்ள நூறாகும்?"

"யாருக்கா பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேனே."

தங்கச்சி குறுக்கே வந்தாள். "அக்கா, பிடிவாதம் பிடிக்காத. இல்லன்னா ஒண்ணு பண்ணலாம். நீ பீச்லயே இரு. நல்ல ஓட்டல், காத்து வாங்கு, ரெஸ்ட் எடு. நாங்க மூணு நாள்ல மிருகத்தைப் பாத்துட்டு வந்துடறோம். போட்டோ எல்லாம் உனக்கு அனுப்பறேன்."

அக்கா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அறைச் சுவரில் இருக்கும் யானையை மறுபடியும் போட்டோவில் பார்க்கவா மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டோம் என்று மனசுக்குள் சுருக்கென்றது. குரலில் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"ரெண்டு கிலோதானே? பையில குறைங்க. ஆளுக்கு ரெண்டு சட்டை கம்மி பண்ணினா போச்சு."

"பையில கை வைக்க முடியாதுக்கா. என் கேமரா லென்ஸே மூணு கிலோ."

"அப்ப லென்ஸைப் பீச்ல ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

பல் டாக்டர் சிரித்துவிட்டார். மனைவி முழங்கையால் இடித்ததும் நிறுத்திக்கொண்டார். அக்கா கையை நீட்டிப் பட்டியலை வாங்கினார். ஒரு தடவை படித்தார். பிறகு தலையை நிமிர்த்தி நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். கேட்டுக்குள் நுழையும் லாரியைப் பார்க்கிற அதே பார்வை.

"மாப்ள, எழுபத்தெட்டுன்னு போட்டிருக்கீங்க. தொண்ணூத்தொண்ணுக்கு ஒரு கிராம் குறையாது. தங்கச்சி, நீ அறுபதா? அறுபத்தேழு. டாக்டர் சார் எழுபத்தஞ்சு இல்ல, எம்பத்தி மூணு. அம்மா, உங்களது அம்பத்தெட்டு இல்ல, அறுபத்தி நாலு. மன்னிச்சுக்கோங்க, தொழில் தோஷம்."

அக்கா பட்டியலை மடித்து மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டு கிலோ அதிகம்னு என்னை இறக்கி விடறீங்க. முப்பத்தி நாலு கிலோவைப் பேப்பர்ல ஒளிச்சு வச்சுக்கிட்டு நீங்க ஏறப் போறீங்க. நடுவானத்துல அந்த விமானத்துக்குப் பேப்பர் படிக்கத் தெரியுமா?"

"அக்கா, எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க..."

"எல்லா லாரிக்காரனும் இதைத்தான் சொல்றான் மாப்ள."

அங்கேயே பயண அலுவலகத்துப் பெண்ணுக்குப் போன் போட்டு, சத்தத்தைக் கூட்டி மேஜைமேல் வைத்தார். "ஏம்மா, ஓடுபாதையில தராசு வச்சிருப்பாங்களா?"

"ஆமாம் மேடம். ஏறறதுக்கு முன்னாடி எல்லாரையும் நிறுப்பாங்க. படிவத்துல எழுதினதும் தராசும் ஒத்துப் போறவங்கதான் முதல்ல. வித்தியாசம் வந்தா மறுநாள் விமானம். நிறைய பேருக்கு அப்படி ஆகுது. திருத்தணும்னா சனிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

"எனக்குத் திருத்தம் இல்லம்மா. நூத்தி ஆறு. நான் காட்டுக்குப் போறேன், முதல் விமானம். மத்தவங்க யோசிச்சுச் சொல்வாங்க."

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். காபி போடுகிறேன் என்ற தங்கச்சியின் குரல் வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்தது. அவர் திரும்பவில்லை.

சனிக்கிழமை காலை இரண்டு லாரிகளுக்கு நடுவில் ஒரு கார் வந்து நின்றது. நாலு பேரும் இறங்கினார்கள். தங்கச்சி மட்டும் ஜன்னல் பக்கத்தில் வந்து, டீ கப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வீட்டுத் தராசை நம்ப முடியலக்கா. நீயே பாத்துச் சொல்லிடு."

"லாரி மேடையில ஏறிடாதீங்க. அது பத்துப் பத்து கிலோவாத்தான் காட்டும், மனுஷன் கணக்குல வரமாட்டான். இந்தப் பக்கம் வாங்க."

மூட்டைத் தராசில் முதலில் ஏறியவர் தங்கச்சி வீட்டுக்காரர். ஏறுவதற்கு முன் பெல்ட், போன், சாவிக்கொத்து எல்லாவற்றையும் எடுத்துப் பல் டாக்டர் கையில் கொடுத்தார். இடது குதிகாலைத் தட்டுக்கு வெளியே நைசாகத் தொங்க விட்டார்.

"மாப்ள, சாவியைத் திரும்ப வாங்குங்க. பெல்ட் இல்லாமலா பிளேன் ஏறப் போறீங்க? குதிகாலையும் உள்ள கூப்பிடுங்க."

தொண்ணூற்றொன்று. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பையோட சேத்தா நானும் நூத்தி ஆறா அக்கா?"

"வாங்க, நம்ம சங்கத்துக்கு."

மற்ற மூவருக்கும் அக்கா சொன்ன எண்தான். பைகளோடு மொத்தம் நானூற்று எண்பத்தாறு. அக்கா கூப்பிட்டதும் பயண அலுவலகத்துப் பெண் போனிலேயே வழி சொன்னாள். ஐந்து பேரும் ஒரே விமானம். மூன்று பைகள் மட்டும் ஜீப்பில் தரைவழியாக வரும், ஒரு ராத்திரி தாமதமாக.

"எந்தெந்தப் பை மேடம்?"

அக்கா ஜன்னல் வழியாக நாலு பேரையும் பார்த்தார். தங்கச்சி வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். "என் லென்ஸ் பை. போகட்டும். முதல் நாள் யானையைக் கண்ணாலயே பாத்துக்கறேன்."

தங்கச்சி தன் பையைச் சொன்னாள். டாக்டர் மனைவி தன்னுடையதைச் சொன்னாள்.

வெளியே ஜல்லி ஏற்றப் போகும் வெறும் லாரி ஹாரன் அடித்தது. அக்கா தொப்பியைச் சரி செய்துகொண்டு ஜன்னலுக்குத் திரும்பினார்.

"என்னண்ணே அவசரம்? கேபின்ல குனிஞ்சிருக்கிற ரெண்டு பேரையும் முதல்ல இறங்கச் சொல்லுங்க."