கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்

திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் தர்மசந்திரனுக்கு, தன்னைப் போல வாசிக்கிறவன் அந்த ஊரிலேயே இல்லை என்று ஓர் எண்ணம். ஒரு டீ ஆறுவதற்குள் முழுப் பேப்பரையும் முடித்துவிடுவார். பஸ்ஸில் போனால் சுவர் விளம்பரம், போஸ்டர், முன்னால் போகிற லாரியின் முதுகு எதையும் விடமாட்டார். பஜ்ஜி மடித்துக் கொடுத்த காகிதத்தைக்கூட எண்ணெயோடு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிப்பார்.

படித்தது மண்டைக்குள் போனதா என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. போன மாசியில், நாளைக்குப் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது என்ற அறிவிப்பைத் தெருவுக்கே கணீரென்று வாசித்துக் காட்டினார். அத்தனை வீட்டிலும் தொட்டியை நிரப்பி வைத்தார்கள். மறுநாள் காலையில் கையில் குடத்தோடு அக்கம்பக்கத்தில் தண்ணீர் கேட்டு நின்ற ஒரே ஆள் தர்மசந்திரன்தான். இன்றைக்கு இதைக் கடைக்கு வருகிறவர்களிடம் அவரே சொல்லிச் சிரிக்கிறார். அன்றைக்கு என்னவோ, வாசித்ததே பெரிய உபகாரம் என்பது போலத்தான் குடத்தை நீட்டினார்.

அவருடைய ஒரே மகள் சன்மதி. மூன்றாம் வகுப்பு முடிகிற சமயத்தில் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். தர்மசந்திரனும் மனைவி குசுமாவும் போனார்கள்.

"பாப்பா தடங்கல் இல்லாம வாசிக்குது சார்" என்றார் வகுப்பு டீச்சர் அமலா. "ஆனா புக்க மூடிட்டு, கதையில என்ன ஆச்சுன்னு கேட்டா முழிக்குது. அடுத்த வருஷம் சயின்ஸ், சோசியல் எல்லாம் புரிஞ்சு படிக்கணும், இல்லன்னா ரொம்பக் கஷ்டப்படும். லீவுல தினமும் கொஞ்ச நேரம் கூட உக்காந்து படிங்க. படிச்சதப் பத்தி சும்மா பேசிக்கினு இருங்க, அது போதும்."

இந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று குசுமா பக்கத்தில் இருந்தவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த உடல் உறுப்புகள் படத்தை மும்முரமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் மனசுக்குள் அவருக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. பிள்ளை நாலாம் வகுப்பில் முழித்துக்கொண்டு நிற்பது கண்முன்னே வந்து வந்து போனது. அன்றைக்கே போனில் நாலைந்து வீடியோ பார்த்தார். எதையும் முழுசாகப் பார்க்கவில்லை. 'கேள்வி கேளுங்கள்' என்று ஒருவர் சொன்ன இடத்தில் போனை அணைத்துவிட்டு, விஷயம் பிடிபட்டுவிட்டது என்று எழுந்தார். டீச்சர் சொன்னது 'சும்மா பேசுங்க' என்பதை அதற்குள் சுத்தமாக மறந்தாயிற்று.

அவர்கள் சமணர் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும், அதற்கு மேல் வாயில் எதுவும் படாது. அதனால் அந்த வீட்டில் சாயங்காலம் ரொம்ப நீளம். மற்ற வீடுகளில் குக்கர் விசில் அடிக்கிற நேரத்தில் இந்த வீட்டில் விசாரணை தொடங்கியது.

சன்மதி ஒரு வரி வாசிப்பாள். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும் அப்பா, யார் வந்தது, எங்கே வந்தது, எப்போது வந்தது என்று அடுக்குவார். அடுத்த வரி, அடுத்த கேள்விகள். ஒரு எறும்புக் கதை பாதி தாண்டுவதற்குள் எறும்புக்கே அலுத்துப்போயிருக்கும்.

"அப்பா, இத்தன எறும்பு வரிசையா போகுதே, முன்னாடி போற எறும்புக்கு யாரு வழி சொல்லுவாங்க?" என்று அவள் ஆரம்பித்தாள்.

"கேள்வி நான் கேப்பேன். நீ பதில் மட்டும் சொல்லு கண்ணு."

அதுவே வீட்டுச் சட்டமாகிவிட்டது. சித்திரை முடிவதற்குள் சன்மதி தேறிவிட்டாள். கேட்டதும் பட்டென்று பதில் வந்தது, ஒன்றுகூடத் தப்பில்லை. தர்மசந்திரன் கடைக்கு வந்த விவசாயிகளையெல்லாம் உட்காரவைத்து, பிள்ளைகளுக்குப் படிப்பைப் புரியவைப்பது எப்படி என்று வகுப்பு எடுத்தார். மோட்டார் எரிந்துபோய் மல்லாட்டைக் கொல்லையில் கடலைப் பயிர் காய்கிறதே என்று வந்தவர்கள், வேறு வழியில்லாமல் தலையாட்டினார்கள்.

"ஏங்க, பொண்ணு முன்ன மாதிரி தொணதொணன்னு எதையும் கேக்க மாட்டுதே" என்றாள் குசுமா ஒருநாள்.

"அதுக்குப் பேருதான் டிசிப்ளின்" என்றார் அவர்.

வைகாசியில் குசுமாவின் சித்தப்பா மகன் வீரேந்திரன் பத்திரிகை வைக்க வந்தான். அவனுடைய தங்கை பத்மப்ரியாவுக்குக் கல்யாணம். முகூர்த்தம் மாப்பிள்ளை ஊரில். வரவேற்பு விழுப்புரத்தில். அவன் போனதும் தர்மசந்திரன் பத்திரிகையை விரித்து, மைக் முன்னால் நிற்கிற தோரணையில் வாசித்தார். பாதியிலேயே ஒரு யோசனை வந்தது. இதையே பாடமாக வைத்தால் என்ன? வாசிப்பதை நிறுத்திவிட்டு மகளிடம் கொடுத்தார். அவள் அடிவரைக்கும் மனசுக்குள் படித்தாள்.

"மாப்பிள்ள பேரு?"

"அபிஜித்."

"மண்டபம் எந்த ஊர்ல?"

"விழுப்புரம்."

"வரவேற்பு எத்தன மணிக்கு?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு."

"நூத்துக்கு நூறு!"

சன்மதி பத்திரிகையை இன்னும் விடவில்லை. "அப்பா, விருந்துக்கு மட்டும் ஏன் கீழ தனியா..." என்று ரொம்ப நாள் கழித்து அவளாக ஒரு கேள்வியைத் தொடங்கினாள்.

"கேள்வி யாரு கேக்கணும்?"

"நீங்க."

"அப்புறம்?"

அவள் பத்திரிகையை மடித்துக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

வரவேற்பு நாளன்று மத்தியானம் குசுமா, "புறப்படறதுக்கு முன்ன ரெண்டு தோச ஊத்திடட்டுமா?" என்று கேட்டாள்.

"கல்யாண வீட்டுக்கு வயித்த ரொப்பிக்கினு போறதா? ஆறு மணிக்கு வரவேற்பு. போனதும் நேரா பந்தி. பொழுது சாய அரை மணி இருக்குது, தாராளம்."

தண்ணீர்த் தொட்டி விவகாரத்துக்குப் பிறகும் அவர் வாசித்ததை நம்பியது குசுமாவின் தப்புதான். விருந்துக்கு இடம் வேண்டுமென்று அவர் மத்தியானச் சாப்பாட்டையே பாதியாக்கிக்கொண்டார்.

சொன்னபடி ஆறு மணிக்கு மண்டபத்தில் இருந்தார்கள். மேடையைத் திரும்பியும் பார்க்காமல் தர்மசந்திரன் நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார். அங்கே மேசைகளை ஓரங்கட்டிவிட்டுத் தரையைக் கழுவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீரேந்திரன் ஓடி வந்தான். "மாமா! நாலு மணியிலேர்ந்து உங்களத்தான் பாத்துக்கினு இருந்தேன். நம்ம ஆளுங்களுக்காக அஞ்சரைக்குள்ள பந்திய முடிச்சிட்டோமே. பத்திரிகையில போட்டிருந்தமே மாமா!"

தர்மசந்திரன் முகத்தில் ஈயாடவில்லை.

வீரேந்திரன் உள்ளே ஓடி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தான். "ஜல்தி சாப்பிடுங்க மாமா, பொழுது போய்க்கினு இருக்குது."

பட்டுப்புடவையும் கஞ்சி போட்ட வேட்டியுமாக, வண்டிகள் நிறுத்தும் இடத்தில், மேற்கே பார்த்தபடி மூவரும் வாழைப்பழம் தின்றார்கள். வீடியோக்காரர் அந்த நேரம் பார்த்து விளக்கைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பத்மப்ரியாவின் கல்யாண வீடியோவில் இன்றும் இருக்கிறார் தர்மசந்திரன், ஒரு கன்னம் உப்பி, மறு கன்னத்தில் அசடு வழிய.

"நான் பத்திரிகையில பாத்தேன்" என்றாள் சன்மதி, பழத்தோலை மடித்துக்கொண்டே. "விருந்து நாலுலேர்ந்து அஞ்சர வரைக்கும்னு கீழ இருந்துச்சு. வரவேற்புக்கு முன்னாடியே ஏன் விருந்துன்னு யோசிச்சேன். இருட்டறதுக்குள்ள நாம சாப்பிடணும்ல, அதுக்குத்தான்னு புரிஞ்சுது."

"புரிஞ்சுதா? அப்புறம் ஏன்டா கண்ணு அப்பாகிட்ட சொல்லல?"

"நீங்க அதக் கேக்கலியே."

அவள் குத்திக்காட்டவில்லை. சட்டத்தைத்தான் சொன்னாள். வாய் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, வீடே பட்டினி கிடக்கப் போகிறது என்று தெரிந்தும் பேசாமல் கூடவே பஸ் ஏறி வந்திருக்கிறது. அப்படி ஆக்கி வைத்தது யார் என்று அவர் போனில் தேட வேண்டியிருக்கவில்லை. மகள் முன்னால் அழுதுவிடக் கூடாதே என்று, பக்கத்தில் நின்ற வண்டியின் நம்பரைப் படித்தார்.

மறுநாள் சாயங்காலம், சாப்பாடு முடிந்ததும் சன்மதி பழக்கப்படி புத்தகத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். தர்மசந்திரன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். காதில் செருகும் பென்சிலை முன்கூட்டியே வெளியே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"இன்னிக்கு நான் படிக்கறேன். உனக்கு எது தோணுதோ நீ கேளு."

அவள் நம்பாமல் பார்த்தாள். அவர் வாசித்தார். ஒரு குளம் வற்றுகிறது, வாத்துகளும் கொக்குகளும் கிளம்பிப் போகின்றன, ஒரு தவளை மட்டும் சேற்றிலேயே இருக்கிறது. பக்கம் முடிந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு நாக்கின் நுனியில் யார், எங்கே, எப்போது எல்லாம் வரிசை கட்டி நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"எல்லாம் போயிடுச்சே" என்றாள் சன்மதி கடைசியில், மெதுவாக. "அது மட்டும் ஏம்பா போகல?"

இப்போதுதான் வாசித்த பக்கம். தர்மசந்திரன் யோசித்துப் பார்த்தார். வழக்கம் போல ஒன்றும் நினைவில் இல்லை.

"தெரியலியே கண்ணு."

சன்மதி நகர்ந்து வந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். "எனக்கும் தெரியல. இன்னொரு வாட்டி படிங்க. வேகமா போகாதீங்க."