தவக்காலமும் சர்க்கரை மாத்திரையும்

தூத்துக்குடியிலிருந்து வந்து அருள்புரத்தில் பனியன் கம்பெனி டெய்லராக இருக்கிறேன். தவக்காலத்தில் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கினேன். மெஷினில் உட்கார்ந்ததும் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டிவிட்டது. பக்கத்து மெஷின்காரி கொடுத்த சர்க்கரைத் தண்ணீர்தான் காப்பாற்றியது.

எனக்குச் சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரம்மா திட்டுவார் என்று பயந்துகொண்டே போய் நடந்ததைச் சொன்னேன். அவரோ, "ஏனுங்கக்கா, நோன்புன்னு முன்னாடியே சொல்லியிருந்தா மாத்திரைய மாத்திக் குடுத்திருப்பனுங்களே. அது போகட்டும், நான் சொன்ன ஓட்ஸாச்சும் சாப்பிடறீங்களா?" என்றார்.

"அது தொண்டையில எறங்க மாட்டேங்குதும்மா."

"வேற எது எறங்குமுங்க?"

"மீன் குழம்பு!"

சிரித்துவிட்டு, சோற்றைக் குறைத்து மீனையும் கீரையையும் கூட்டச் சொன்னார். நோன்பு நாளுக்கு மாத்திரையையும் மாற்றித் தந்தார்.

இப்போதெல்லாம் எந்த டாக்டரிடம் போனாலும் என் நோன்பு, சமையல் எல்லாவற்றையும் முதலிலேயே ஒப்பித்துவிடுகிறேன். எனக்குப் பின்னால் காத்திருப்பவர்கள்தான் பாவம்!

- ஒரு வாசகி, அருள்புரம்