ஒரு கிழமைக்கு நான்தான் சமையல்

என் மனைவிக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்திருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. குருவிட்ட பக்கம் ஒரு கார்மென்ட். தையல் மெஷின், அதற்கு முன்னால் ஒரு கதிரை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இறப்பர் காட்டில் பால் வெட்டுகிறவள் அவள். மரத்துக்கு மரம் நடந்து, வாளி சுமந்து, அட்டைக் கடியோடு வீட்டுக்கு வந்து, அதே காலோடு அடுப்படியில் நிற்பாள். கொஞ்ச காலமாக முழங்கால் மடங்க மறுத்தது. "கதிரை குடுக்கிறாங்களாங்க" என்று அவள் சொன்ன விதத்தைப் பார்த்தால், யாரோ காணி எழுதிக் கொடுக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும்.

ஆனால் வேன் விடியலில் ஏற்றிக்கொண்டு போனால் இருட்டின பிறகுதான் கொண்டுவந்து விடும். காலைச் சாப்பாட்டையும் மத்தியானத்துக்கானதையும் எழுந்ததும் ஆக்கி வைத்துவிடுவாள். ராத்திரிச் சாப்பாடுதான் கேள்வி. எங்களுக்குப் பிள்ளைகள் இரண்டு. பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவனுக்கு எட்டு. அவள் ஒரு முடிவோடுதான் இருந்தாள்.

"ஒரு கெழம போய்ப் பாக்கிறேன். புள்ளைங்க ராத்திரி ஒழுங்கா சாப்பிட்டா தொடர்ந்து போறேன். இல்லாட்டி கத்திய எடுத்துக்கிட்டு பழையபடி உங்களோடயே காட்டுக்கு வந்துர்றேன். ஞாயித்துக்கெழம முடிவு சொல்றேன்."

"நான் இருக்கேன்ல, நான் ஆக்குறேன்" என்றேன்.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பரா என் அக்காவுடையது. இடையில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்தில் இருந்து பதில் வரும். அன்றைக்கும் வந்தது.

"சுடுதண்ணி வச்சாலே அடிப்புடிச்சுப் போகும் அவனுக்கு. இவன் ஆக்கி அதுங்க சாப்பிடணுமாக்கும்."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், மறைப்பதற்கில்லை. ஒரு கை பார்த்துவிடுவது என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டேன். ஏழு ராத்திரி, ஏழு விதமான சாப்பாடு. வெறும் ரொட்டியும் சம்பலும் வைத்துச் சமாளித்தால் யாரும் கேட்கப் போவதில்லை, தோட்டத்தில் பல வீடுகளில் அதுதான் நடக்கிறது. ஆனால் அது அக்காவிடம் தோற்ற மாதிரி. அதைவிட, அந்தக் கதிரை கைவிட்டுப் போய்விடும்.

செலவு பண்ணவும் வழியில்லை. அவளுடைய முதல் சம்பளம் மாதம் முடிந்துதான் வரும். எனக்கோ, காலையில் மழை பிடித்தால் பால் வெட்டு இல்லை. எங்கள் பக்கம் மழைக்கு ஒழுங்கு நேரமும் இல்லை. ஆகவே பாதியைச் சந்தையில் வாங்குவது, மீதியைச் சுற்றுவட்டாரத்தில் தேடிக்கொள்வது என்று திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் காலையில் போகிறவன் காசுக்காரன். நான் பின்நேரம் வரைக்கும் வீட்டு வாசலில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேகம் கறுத்துக்கொண்டு இறங்கியதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முதல் துளி விழும் நேரம் சந்தைக்குள் நிற்க வேண்டும், அதுதான் கணக்கு. வியாபாரிகள் படங்கை இழுத்து மூடுகிற அவசரத்தில் இருப்பார்கள். கத்தரிக்காயும் பூசணியும் குவித்து வைத்திருந்த ஒரு கிழவர், "ஒக்கோம கன்ன மல்லி" என்று, எல்லாவற்றையும் எடுத்துக்கொள் தம்பி என்று, பாதி விலைக்குக் குறைவாகவே என் பைக்குள் கொட்டினார். கருவாட்டுக் கடையில் நல்ல துண்டுகள் முடிந்து தலைகள்தான் மிச்சம். குழம்புக்குத் தலைதான் ருசி, அது அந்தக் கடைக்காரனுக்குத் தெரியாதது என் அதிர்ஷ்டம். தொப்பமாக நனைந்து, இரண்டு கையிலும் பையோடு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தீபாவளிக்குச் சாமான் வாங்கி வந்தபோதுகூட அத்தனை சந்தோஷம் இருந்ததில்லை.

அன்று மாலை பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு பெரியவளும் நானும் உட்கார்ந்தோம். எது முதலில் வாடும், எது தாங்கும் என்று அவள் பிரித்தாள். வல்லாரை திங்கள், பூசணி எத்தனை நாளானாலும் இருக்கும், முட்டையைக் கடைசிக்கு வைக்கலாம். நான் உற்சாகத்தில் வெள்ளிக்கிழமைக்குக் கருவாட்டுக் குழம்பைப் போட்டுவிட்டேன்.

"வெள்ளிக்கெழம கருவாடாப்பா? அம்மா வேலைக்குப் போறதுக்கு முந்தி வீட்டவிட்டே போயிருவாங்க" என்றாள். கருவாடு சனிக்குப் போனது.

திங்கட்கிழமை சோறு, பருப்பு, வல்லாரைச் சம்பல். பருப்பு கொஞ்சம் அடிப்பிடித்தது. கொஞ்சம்தான். சின்னவன் ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா பருப்பு மாதிரி இல்ல" என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா நல்லாருக்கு" என்று சேர்த்துக்கொண்டான். அவள் வேனை விட்டு இறங்கி வந்து, கைகால் கழுவி உட்கார்ந்தவள், தட்டைப் பார்க்கவே இல்லை. மெஷினைப் பற்றித்தான் பேச்சு. காலை மெல்ல வைத்தாலே ஓடுகிறதாம், பயந்துபோய்க் காலை எடுத்துவிட்டாளாம், பக்கத்தில் இருந்த பிள்ளை சிரித்ததாம். பேசிக்கொண்டே மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டாள். எனக்கு வேறு சான்றிதழ் தேவைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை வெட்டிய இறப்பர் பாலை நிறுத்துக் கொடுத்ததும் நேரே கீழே கிராமத்துக்குப் போனேன். அங்கே ஒரு சிங்கள அம்மா தனியாக இருக்கிறார். தோட்டம் நிறைய மரம், ஏறிப் பறிக்க ஆளில்லை. பலாக்காயும் தேங்காயும் பறித்துக் கொடுத்தேன், பாதி எனக்கு. இப்போது தேங்காய் விற்கிற விலைக்கு, மூன்று தேங்காயோடு வீட்டுக்கு வருகிறவன் நகைக்கடையில் இருந்து வருகிறவனுக்குச் சமம். அன்று ராத்திரி தேங்காய்ப்பால் விட்டு ஆக்கிய பலாக்காய்க் கறி. அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து, "என்னடா வாசம் அது" என்று கேட்டாள். நான் கறியை இன்னும் ஒரு தடவை கிளறிவிட்டேன். அந்தச் சுகத்தைச் சொல்லி முடியாது.

புதன்கிழமைதான் வந்தது வினை.

லயத்துக்குப் பின்னால் நாங்கள் நட்டிருந்த மரவள்ளியில் இரண்டு மரம் பிடுங்கினேன். கிழங்கு மாவாக அவிந்தது. தேங்காய்ப்பூ, இடித்த கட்டச்சம்பல். பைசா செலவில்லாத சாப்பாடு. பிள்ளைகள் இருவரும் வயிறு முட்டத் தின்றார்கள். பிறகு சின்னவன் ஏப்பம் விட்டுக்கொண்டு சொன்னான்: "அத்த குடுத்த இஞ்சி பிளேன்டியும் நல்லா இருந்துச்சுப்பா."

பள்ளிக்கூடம் விட்டு நனைந்து வந்த பிள்ளைகளுக்கு அக்கா இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணீர் கொடுத்திருக்கிறாள். மரவள்ளியும் இஞ்சியும் ஒரே வயிற்றுக்குள் போனால் விஷம். எங்கள் பக்கம் தமிழர் சிங்களவர் பேதமில்லாமல் எல்லாரும் நம்புவது இது. செத்தவர்களைப் பார்த்த ஆள் கிடையாது, ஆனால் சாப்பிட்டுப் பார்த்த ஆளும் கிடையாது.

சுவருக்கு அந்தப் பக்கம் தட்டு விழுகிற சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் அக்கா எங்கள் வாசலில் நின்றாள்.

"இஞ்சி குடிச்ச புள்ளைங்களுக்கா மரவள்ளி அவிச்சுக் குடுத்த? அறிவிருக்காடா உனக்கு?"

"நீ இஞ்சி குடுத்தது எனக்கு எப்படித் தெரியும்?"

"நீ மரவள்ளி அவிக்கப் போறேன்னு சொன்னியா?"

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் என் மனைவி உள்ளே வந்தாள். பிள்ளைகள் இரண்டும் கட்டிலில் பேயறைந்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் பையை அப்படியே போட்டுவிட்டு இருவரையும் இழுத்து அணைத்துக்கொண்டாள். நாக்கை நீட்டச் சொன்னாள். வயிற்றை அமுக்கினாள். ஆட்டோ பிடித்து இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று கேட்டாள் அக்கா. நான் ஆட்டோவுக்குக் காசு தேடினேன். சின்னவன் மட்டும், "இன்னொரு துண்டு கெழங்கு இருக்கா?" என்று கேட்டான்.

ஒன்றும் ஆகவில்லை. இருவரும் நன்றாகத் தூங்கிப்போனார்கள். ஆனால் அவள் அன்று சாப்பிடவில்லை. பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நாளைக்கு நான் போகல."

வியாழக்கிழமை விடியும்போது பிள்ளைகள் செருப்புக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளோ பழைய காட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பால் வெட்டுகிற கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த முறை அக்கா மேல் இல்லை. அந்தக் கத்தி மேல்.

"நேத்து சாப்பிட்டவங்க எல்லாம் உசுரோடதானே இருக்காங்க? எதுக்கு நீ போகல?"

"பயமா இருக்குங்க. நான் வீட்டில இருந்திருந்தா இப்படி நடக்குமா?"

"நடக்கும். நீ இருந்தாலும் அக்கா இஞ்சி போடத்தான் செய்வா. மரவள்ளி தோண்டத்தான் செய்வோம். ஞாயித்துக்கெழம வரைக்கும்னு நீதானே சொன்ன? இன்னைக்கு வியாழன். எனக்கு இன்னும் நாலு ராத்திரி பாக்கி இருக்கு. அத எங்கிட்ட இருந்து எடுக்காத."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது என் குரல் நான் நினைத்த மாதிரி வரவில்லை. கெஞ்சுகிற மாதிரி வந்தது. கீழே ரோட்டில் வேன்காரன் ஹோர்ன் அடித்தான். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். சட்டையை மாற்றிக்கொண்டு, தலை வாராமலே ஓடினாள்.

அன்று மாலையில் இருந்து அக்கா ஒரு புது வேலை எடுத்துக்கொண்டாள். நான் அடுப்பை விட்டு இறக்கியதும் வந்து நிற்பாள். பிள்ளைகள் வாயில் வைப்பதற்கு முன்னால் தான் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். ராஜா வீட்டில் விஷம் சோதிக்கிற ஆள் தோற்றார், அவ்வளவு கண்டிப்பு. வியாழன் சோயாமீட் பிரட்டல், ஒரு வாய். வெள்ளிக்கிழமை பூசணிக்காய்ப் பாற்கறியும் அன்றைக்குப் பறித்த கீரைச் சுண்டலும், அன்று ஒரு கரண்டி. "உப்பு பாத்தேன்" என்றாள். சனிக்கிழமை தட்டோடு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை வேன் வெளிச்சம் இருக்கும்போதே வந்தது. தேங்காய்ப்பூ போட்டு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். கத்தரிக்காயும் கருவாட்டுத் தலையும் போட்ட குழம்பு மூன்று வீட்டுக்கு வாசம் வீசியது. அவள் அடுப்படிக்குள் வந்து ரொட்டிக் கல்லில் கை வைக்கப் பார்த்தாள். "போய் உக்காரு" என்று விரட்டினேன். பிள்ளைகள், அவள், அக்கா, நால்வரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். நான் சுடச்சுடப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒருவரும் தட்டில் இருந்து கையை எடுக்கவில்லை, அதுவே ஒரு மரியாதைதான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. முட்டைக் குழம்பை எப்படி வைத்தால் அவள் மனம் முழுதாக இளகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவள் ரொட்டியைக் குழம்பில் தோய்த்துக்கொண்டே சொன்னாள்:

"அடுத்த கெழம ஓட்டி இருக்காம், கூட நேரம் நின்னு தைக்கணுமாம். யாருக்கு ஏலும்னு கேட்டாங்க. நான் கையத் தூக்கிட்டேன்."

ரொட்டி என் கையிலேயே நின்றுவிட்டது. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவில்லையா என்ற கேள்வி வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு கேள்விக்கே இடமிருக்கவில்லை.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. வாய் நிறைய ரொட்டியோடு கேட்டாள்: "ஓட்டின்னா நீ வர்றதுக்கு இன்னும் நேரமாகுமே. அதுவரைக்கும் இதுங்களுக்கு யாரு ஆக்கிப் போடுறது?"

என் மனைவி தட்டில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவங்க அப்பா இருக்காரு அண்ணி."

எனக்கு எழுந்து கூத்தாட வேண்டும் போல இருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். தன் தட்டைப் பார்த்தாள். பிறகு அதை என் பக்கம் நீட்டி, இன்னொரு ரொட்டி கேட்டாள்.